நறுமணமும் நினைவும்: மலாக்காத் தமிழர் வரலாற்றில் ஒரு நோக்கு

மனிதனுக்கு வாய்த்த ஐம்பொறிகளுள் கண்ணும் செவியும் பெற்ற பெருமையை மூக்குப் பெறவில்லை. கண்டதை ஓவியமாகத் தீட்டுகிறோம். நிழற்படமாக எடுத்து வைக்கிறோம். கேட்டதை ஒலிப்பதிவு செய்து பாதுகாக்கிறோம். முகர்ந்ததைச் சேமித்து வைக்க நம்மிடம் ஏடும் இல்லை, பேழையும் இல்லை. அதனாலேயே வரலாற்று நூல்களில் போர்களும் உடன்படிக்கைகளும் இடம்பெறுகின்றனவேயன்றி, அக்காலத்து மக்கள் எந்த மணங்களுக்கு நடுவில் வாழ்ந்தனர் என்னும் செய்தி இடம்பெறுவதில்லை.

ஆயினும், என்றோ மறைந்துபோன ஒருவரை நம் முன் கொண்டுவந்து நிறுத்தும் ஆற்றல் நிழற்படத்தைவிட மணத்திற்கு மிகுதியாக உண்டு. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் மணம், தாழம்பூவின் மணம், அடுப்பில் வறுபடும் மல்லியின் மணம் ஆகியவை நம்மைக் கேளாமலே நம்மை இளமைக் காலத்திற்கு இட்டுச் செல்கின்றன. தனி மனிதனுக்கு இஃது உண்மையாயின், ஓர் இனத்திற்கும் உண்மையாதல் வேண்டும். மலாக்கா மாநிலத்தில் வாழ்ந்த, வாழ்கின்ற தமிழர்களின் வரலாற்றை மணத்தின் வழியே நோக்கின் நாம் பெறும் செய்திகள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் கண்ட நாற்றம்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்தார். உற்றறிவது ஓரறிவு, அதனொடு சுவையறிவது ஈரறிவு, அவற்றொடு மூக்கினால் அறிவது மூவறிவு. மூவறிவுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சிதலும் எறும்பும் ஆகும். எறும்புகள் தம் வழியையும் தம் கூட்டத்தையும் மணத்தாலேயே அறிகின்றன என்பதை இன்றைய உயிரியலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. கண்ணும் செவியும் பெறுமுன்பே உயிர் மணத்தை அறிந்தது என்னும் அவ்வடைவு நாம் சிந்திக்கத்தக்கது.

சங்கச் சான்றோர் நிலத்தைப் பகுத்தபோது அவற்றுக்குப் பூக்களின் பெயரையே இட்டனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் திணைப்பெயர்கள் நிலத்தில் மலர்ந்த பூவையோ மரத்தையோ குறித்து எழுந்தவை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுத் தொண்ணூற்றொன்பது மலர்களை நிரலாகக் கூறுகிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலோ, ஒரு பெண்ணின் கூந்தல் மணத்தைப் பற்றித் தும்பியிடம் கேட்கும் வினாவாக அமைந்தது. பின்னாளில் பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் அப்பாடலைச் சுற்றியே தருமியின் கதை வளர்ந்தது. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா, இல்லையா என்று இறைவனும் நக்கீரரும் வழக்காடியதாகச் சொல்லும் ஒரு மொழி மணத்தை எத்துணைப் பெரும்பொருளாக மதித்திருக்க வேண்டும்!

இங்கே ஆசிரியப் பெருமக்கள் நன்கறிந்த ஒரு சொல் வரலாற்றையும் நினைவூட்ட வேண்டும். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணும்போது 'நாற்றம்' என்னும் சொல்லையே மணத்திற்கு ஆண்டார். அக்காலத்தில் பூவும் நாறியது, சந்தனமும் நாறியது. இன்றோ அச்சொல் தீநாற்றத்தை மட்டும் குறிக்கும் அளவுக்கு இழிந்துவிட்டது. இலக்கணத்தார் இதனை இழிபொருட்பேறு என்பர். ஒரு மணம் நல்லதா தீயதா என்பது மூக்கைப் பொறுத்தது மட்டுமன்று. முகர்கின்றவர் யார், எக்காலத்தவர் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இச்சொல்லே சான்றாகும். இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

'வாசனை' என்னும் வடசொல்லும் ஒரு நுட்பத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. அது மணத்தைக் குறிப்பதோடு, முன்னைப் பழக்கத்தால் உள்ளத்தில் படிந்த பதிவையும் குறிக்கும். 'பூர்வ வாசனை' என்றும், 'தமிழ் வாசனை அறியாதவர்' என்றும் நாம் வழங்குவது இப்பொருளிலேயாம். சைவ சித்தாந்த நூலார் 'வாசனாமலம்' என்பதை விளக்கப் பெருங்காயப் பாண்டத்தை உவமை காட்டுவர். காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாண்டத்தில் மணம் எஞ்சி நிற்பதுபோல், பட்டறிவு நீங்கிய பின்னும் அதன் பதிவு எஞ்சி நிற்கும் என்பது கருத்து. மணமும் நினைவும் ஒரே சொல்லுள் அடங்கியது தற்செயலன்று.

மணம் நினைவைத் தொடும் வழி

முன்னோர் உவமையால் உணர்த்தியதை இக்கால அறிவியல் உடற்கூற்றால் விளக்குகிறது. கண், செவி முதலிய பொறிகள் தரும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள 'தாலமஸ்' என்னும் பகுதியை அடைந்து, அங்கிருந்தே மேற்புறணிக்குச் செல்கின்றன. மணத்தின் செய்தி மட்டும் அவ்வழியே முதலில் செல்லாமல், மூக்கின் மேலுள்ள நுகர்ச்சிக் குமிழிலிருந்து, உணர்ச்சிகளை ஆளும் 'அமிக்டலா', நினைவுகளை ஆக்கும் 'ஹிப்போகாம்பஸ்' ஆகிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடைய வழியில் சென்று சேர்கிறது. எனவேதான் ஒரு மணத்தை முகர்ந்தவுடன், 'இஃது இன்ன மணம்' என்று பெயர் சொல்வதற்கு முன்பே கண்ணில் நீர் துளிர்க்கிறது.

லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவரும் மணத்தை உணரும் ஏற்பிகளின் மரபணுக்களை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்காக அவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயற்படுகின்றன என்றும், அவற்றின் கூட்டாலேயே எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிகிறோம் என்றும் இன்று அறிகிறோம். சொல்லாலும் படத்தாலும் தூண்டப்படும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடைப்பட்டவை. மணத்தால் தூண்டப்படும் நினைவுகளோ பெரும்பாலும் பத்து வயதிற்கு முற்பட்டவை என்று உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் இதனை உள்ளத்தில் இருத்த வேண்டும். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் தம் வாழ்நாள் முழுமைக்கும் உரிய மணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பருவத்தினர்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட், தேநீரில் நனைத்த ஒரு சிறு பணியாரத்தின் சுவையும் மணமும் தம் கதைமாந்தனின் இளமைக்கால ஊரையே மீட்டுத் தந்ததை 1913ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலில் விரித்தெழுதினார். உலகம் அதனைப் பெரிதும் போற்றியது. 2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றுப் பரவியபோது, நோயுற்றோர் பலர் மணமறியும் ஆற்றலைச் சில காலம் இழந்தனர். மல்லிகையும் மணக்கவில்லை, குழம்பும் மணக்கவில்லை என்று அவர்கள் வருந்தியபோதுதான் மூக்கின் அருமையை நாம் உணர்ந்தோம்.

கடல் கடந்த நறும்பொருள்கள்

இனி வரலாற்றுக்குள் புகுவோம். தமிழகத்திலிருந்து இந்நாட்டிற்குப் பிழைக்க வந்த நம் முன்னோர், கோவிலில் கற்பூரம் ஏற்றியபோதும் வீட்டில் சாம்பிராணி இட்டபோதும் தாம் விட்டுவந்த ஊரை நினைத்து ஏங்கினர். 'இஃது ஊர் மணம்' என்பது அவர்தம் எண்ணம். உண்மை என்னவெனில், அந்த மணங்களுட் பல தமிழகத்தில் பிறந்தவை அல்ல. இந்தத் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து தமிழகத்திற்குச் சென்றவை.

பழங்காலத்தில் உயர்வாகப் போற்றப்பட்ட கற்பூரம் சுமத்திரா, போர்னியோ, ஜொகூர் ஆகிய இடங்களின் காடுகளில் வளரும் பெருமரங்களின் உள்ளே விளைந்தது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் துறைமுகமே அதன் பெருஞ்சந்தை. மலாய்மொழியில் 'காப்பூர் பாருஸ்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரியின் விலையை அளவாகக்கொண்டு பொன்னாக வரி செலுத்த வேண்டும் என்பது அதில் காணும் செய்தி. மணப்பொருளின் விலையே வரிக்கு அளவுகோலாக இருந்த காலம் அது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரைக்கு வந்திறங்கிய அகிலும் சந்தனமும் கற்பூரமும் பேசப்படுகின்றன. அதற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளுள் 'கிடாரவன்' என ஒன்றையும், கற்பூர வகைகளுள் 'வாறோசு' என ஒன்றையும் குறிக்கிறார். கிடாரம் என்பது நம் நாட்டின் கடாரம். வாறோசு என்பது பாருஸ். ஆகவே, நாம் தமிழகத்து இலக்கியத்தின் உரையைப் பயிலும்போதே நம் நாட்டுக் காட்டின் மணத்தையும் பயில்கிறோம். மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தால் இலக்கியம் அயலதன்று, அருகிலுள்ளது என்னும் உணர்வு பிறக்கும்.

சாம்பிராணியின் வரலாறும் இத்தகையதே. மலாய்க்காரர் 'கெமெஞான்' என வழங்கும் அப்பிசின் சுமத்திராவில் மிகுதியாகக் கிடைப்பது. அரபு வணிகர் அதனை 'லுபான் ஜாவி' என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று. அகிலை மலாய்மொழி 'காஹாரு' என்றும், சந்தனத்தைச் 'செந்தானா' என்றும் வழங்குகிறது. பொருள் இங்கிருந்து அங்குச் சென்றது. பெயர் அங்கிருந்து இங்கு வந்தது. கொடுக்கல் வாங்கல் என்பது இதுவேயாம்.

கற்பூரத்தைப் பற்றி மொழியாசிரியர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிச்சென்ற பழங்குடியினர், அத்தேடல் முடியும்வரை அன்றாடச் சொற்களை விலக்கித் தனியான ஒரு மொழியைப் பேசினர். வழக்கமான சொற்களைப் பேசினால் மரத்திலுள்ள கற்பூரம் மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆய்வாளர்கள் இக்'கற்பூர மொழி'யைப் பதிவு செய்தனர். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்னும் பழமொழியை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாசனைக்காக ஒரு மொழியையே படைத்துக்கொண்ட மக்கள் நம் அண்டைக் காட்டில் வாழ்ந்தனர்.

மலாக்காத் துறைமுகம்

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேசுவரனால் தோற்றுவிக்கப்பட்ட மலாக்கா, ஒரு நூற்றாண்டுக்குள் கீழைக்கடலின் தலையாய துறைமுகமாயிற்று. வணிகரை நெறிப்படுத்த நான்கு சாபந்தர்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் துணிப்பொதிகளைக் கொண்டுவந்து இறக்கி, கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, சந்தனம், கற்பூரம் முதலியவற்றை ஏற்றிச் சென்றனர். திமோரின் சந்தனமும், பண்டாவின் சாதிக்காயும், மலுக்குவின் கிராம்பும் இத்துறையில் ஒருங்கு குவிந்தன.

1511ஆம் ஆண்டில் அல்புகெர்க்கு என்னும் போர்த்துகீசியத் தளபதி மலாக்காவைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டு முதல் 1515ஆம் ஆண்டு வரை இங்குத் தங்கிய தோமே பிரேசு என்பார் இத்துறைமுகத்தைப் பற்றி விரிவாக எழுதினார். இங்கு 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் குறிப்பு. அவர் தொழிலால் மருந்துச்சரக்கு வல்லுநர் என்பது கருதத்தக்கது. பிசினையும் பட்டையையும் முகர்ந்தே தரம் பிரிக்கும் பயிற்சி பெற்ற ஒருவரின் மூக்கு வழியாகவே பழைய மலாக்காவின் வணிகத்தை உலகம் இன்று அறிகிறது எனலாம்.

அக்காலத்து மலாக்காத் தமிழருள் பெயர் விளங்கியவர் நைனா சத்து என்னும் இந்து வணிகர். போர்த்துகீசியர் சிறைப்பட்டிருந்த காலத்தில் அவர்களுக்கு உதவியமையால், நகரைக் கைப்பற்றிய அல்புகெர்க்கு அவருக்குப் பெண்டஹாரா என்னும் பெரும்பதவியை அளித்தான். 1514ஆம் ஆண்டில் அப்பதவி அவரிடமிருந்து நீக்கப்பட்டுக் கம்பார் நாட்டு அரசனுக்கு வழங்கப்படும் நிலை வந்தது. அவமதிப்பைத் தாங்காத அவர், சந்தனமும் அகிலும் முதலான மணக்கட்டைகளை அடுக்கித் தீ வளர்க்கச் செய்து, தாம் ஆற்றிய தொண்டையும் தமக்கு நேர்ந்த இழிவையும் மக்கள்முன் எடுத்துரைத்து அத்தீயில் புகுந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் சிலர் எழுதிவைத்துள்ளனர். மயிர்நீப்பின் வாழாக் கவரிமாவைப் பாடிய மரபில் வந்தவர் அவர். எந்தப் பொருள்களை விற்று அவர் உயர்ந்தாரோ, அப்பொருள்களின் புகையிலேயே அவர் வாழ்வு முடிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

செட்டி மக்களின் சாம்பிராணி

அவ்வணிகருள் பலர் இங்கேயே தங்கி உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள் என அறியப்படுவோர். காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டி அவர்களது குடியிருப்பு. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1781ஆம் ஆண்டில், அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் மலாக்கா நகரின் நடுவே இன்றும் விளங்குகிறது. அதே சாலைத் தொடரில் 1748ஆம் ஆண்டில் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோவிலும் உள்ளன. அவ்வழியே நடந்து செல்பவர், கற்பூரப் புகையையும் ஊதுவத்திப் புகையையும் சில நிமிடங்களில் அடுத்தடுத்து முகரலாம். 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமை நகராக மலாக்கா ஏற்கப்பட்டது. கட்டடங்களுக்குக் கிடைத்த அப்பெருமையில் இம்மணங்களுக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து.

செட்டி மக்கள் நாளடைவில் தமிழ் பேசும் வழக்கை இழந்தனர். அவர்களின் வீட்டுமொழி மலாய் கலந்த ஒரு கிளைமொழி. உடையும் உணவும் மாறின. ஆயினும் அவர்கள் முன்னோரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கலையொட்டியும், பின்னர்ப் பழங்கள் பழுக்கும் பருவத்திலும் 'பர்ச்சு' என்னும் முன்னோர் வழிபாட்டை நிகழ்த்துகின்றனர். வாழையிலையில் முன்னோர்க்கு விருப்பமான உணவுகளைப் படைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி இட்டு வணங்குகின்றனர். மறைந்த தாயின் கைப்பக்குவத்தில் சமைத்த குழம்பின் மணமும் சாம்பிராணிப் புகையும் அங்கே ஒன்றாகக் கலக்கின்றன.

மொழி போயிற்று, மணம் நின்றது. இதனைக் கண்டு நாம் மகிழ்வதா, வருந்துவதா? இரண்டுக்கும் இடமுண்டு. சொல்லற்ற நிலையிலும் ஒரு மணம் முந்நூறு, நானூறு ஆண்டுத் தொடர்பைக் காத்து நிற்கிறதே என்று மகிழலாம். அந்தத் தொடர்பைத் தம் முன்னோரின் மொழியில் எடுத்துச் சொல்ல இயலாமற் போயிற்றே என்று வருந்தவும் வேண்டும். மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து வெள்ளித்தேர் செங் வட்டாரத்துச் சன்னாசிமலைக்குப் புறப்படும்போது, செட்டி மக்களும் பிற்காலத்தில் வந்த நம்மவரும் ஒரே புகையைச் சுவாசித்து உடன் நடக்கின்றனர். அங்கே உறவு பேச்சால் அமைவதன்று.

பால்மரக் காட்டின் மணம்

மலாக்காத் தமிழரின் இரண்டாம் வரலாறு தோட்டத்தில் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். 1898ஆம் ஆண்டில் புக்கிட் அசகானில் அதனை விரிவுபடுத்தினார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாற்றுக்கு மலாக்காவே பிள்ளையார் சுழி இட்டது. அதன்பின் கங்காணி முறையில் ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேறினர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' போன்ற கப்பல்களின் மேற்றளத்தில் உப்புக்காற்றும் நிலக்கரிப் புகையும் வாந்தியும் கலந்த மணத்திற்கிடையே அவர்கள் பயணம் செய்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்யும்வரை அவ்வரவு தொடர்ந்தது.

தோட்டத்தில் அவர்களை வரவேற்ற மணம் யாது? விடியற்காலை இருளில் பிரட்டுக்களத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் புகை. வெளிக்காட்டில் மக்கிய சருகின் ஈரமணம். மங்கில் சொட்டும் புதுப்பாலின் இனிய மென்மணம். வாளிகளில் பால் தொழிற்கூடத்திற்கு வந்ததும் அதனை வடிகட்டி, நீர் சேர்த்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையச் செய்வர். மூக்கைத் துளைக்கும் காடி நெடி அது. இவ்வமிலத்தின் பெயர் எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1671ஆம் ஆண்டில் ஜான் ரே என்னும் ஆங்கில இயற்கை அறிஞர் எறும்புகளிலிருந்து அதனை வடித்தெடுத்தார். உறைந்த பாலை இயந்திரத்தில் இட்டுத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, ரப்பர் விறகின் புகையில் பல நாள் உலர்த்துவர். பூஞ்சணம் பிடியாமல் காப்பது அப்புகையே.

மங்கிலும் மரத்திலும் தானே உறைந்த கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் தரும் மணம் வேறு. அவற்றிலுள்ள புரதம் முதலியவற்றை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் கொழுப்பமிலங்கள் ஆவியாகி வெளிவருகின்றன. தோட்டத்தை அறியாதவர் அவ்வழியே செல்லும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வர். பால் வெட்டியவரின் உடையிலும் கூந்தலிலும் விரலிடுக்கிலும் அம்மணம் ஏறிவிடும். எத்துணைச் சவர்க்காரம் தேய்த்தாலும் முழுதும் போகாது. அதன் பொருட்டுப் பேருந்திலும் கடையிலும் நம் தாய்மார் பட்ட முகச்சுளிப்புகள் எந்த ஆவணத்திலும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் தாத்தா பாட்டியர் நாள் கொண்டாடினோம். தோட்டப்புறப் பொருள்களைக் கண்காட்சியாக வைத்தபோது, உளிக்கத்தியோடும் மங்கோடும் ஒட்டுப்பால் உருண்டை ஒன்றையும் வைத்தோம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதனை முகர்ந்து, "பாட்டி, நாறுது!" என்று கூவி விலகினான். அவனுடைய பாட்டியோ அவ்வுருண்டையைக் கையிலெடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்னர் என்னிடம், "இது எங்கப்பா சட்டை வாசம், சார்" என்றார். அதன்பின் அவர் வாய் ஓயவில்லை. எத்தனை மரம் ஒரு நிரை, மழை பெய்த நாளில் கூலி எப்படிக் குறைந்தது, ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த தம்பி எப்படி அழுதான், லயத்தின் கடைசி வீட்டில் யார் இருந்தார்கள் என எல்லாவற்றையும் சொன்னார். விலகி ஓடிய பேரன் மெல்லத் திரும்பிவந்து பாட்டியின் மடியருகே நின்று கேட்டான். பேரனுக்கு நாற்றமாகத் தோன்றியது பாட்டிக்கு வாசமாயிற்று. சொல் இழிந்த கதையை முன்னர்க் கண்டோம். அது மீண்டும் உயர்ந்ததை அன்று நேரிற் கண்டேன்.

மறையும் மணமும் நம் கடமையும்

அந்த மணங்கள் இன்று மறைந்து வருகின்றன. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலால் பல தோட்டங்கள் கைமாறின. தொழிலாளரைக் காக்கும் நோக்கில் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் காலமாற்றம் நிற்கவில்லை. 1980களின் இறுதிவரை உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகித்த நம் நாட்டில், பால்மரங்கள் இருந்த இடங்களைச் செம்பனையும் வீட்டு மனைகளும் தொழிற்பேட்டைகளும் பிடித்துக்கொண்டன. தங்கா பத்து, சுங்கை ஊடாங் வட்டாரத்தில் 1990களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஒருகாலத்தில் கடற்காற்றும், குனுகுறால் இட்டுச் செய்யும் பெலாச்சானின் நெடியும், தோட்டத்துப் புகையும் கலந்து வீசிய நிலத்தில் இன்று வேறு மணங்கள் வீசுகின்றன. அது வளர்ச்சி; அதனை நாம் குறைகூறவில்லை. லயத்து வறுமைக்குத் திரும்பிச் செல்ல யாரும் விரும்பவும் இல்லை. ஆனால், நம் முன்னோர் உழைப்பின் மணம் இன்னதென்று அறியாமலே ஒரு தலைமுறை வளர்வது வளர்ச்சியாகாது.

மணத்தைக் கல்வெட்டில் பொறிக்க முடியாது. அதனை அறிந்தவர் வாய்ச்சொல்லே அதற்கு ஏடு. அச்சொற்களும் வேகமாக மறைகின்றன. நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை என்பனவற்றைப் பொருள் விளக்கமின்றிப் புரிந்துகொள்ளும் மாணவர் இன்று எத்தனை பேர்? இவை பேச்சு வழக்குச் சொற்கள்தாமே என்று நாம் ஒதுக்கலாகாது. அடியார்க்கு நல்லார் தம் காலத்து வணிகர் வழங்கிய சரக்குப் பெயர்களை 'இவை சந்தைச் சொற்கள்' என்று ஒதுக்கியிருப்பின், கடாரத்து அகிலும் பாருஸ் கற்பூரமும் தமிழ் ஏட்டில் இடம்பெற்றிரா. அவர் செய்ததை நாமும் செய்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கட்டுரைப் பாடத்தில், 'நான் கண்ட காட்சி' என்று எழுதச் சொல்வதுபோல், 'என் வீட்டின் மணம்' என்று எழுதச் சொல்லலாம். தாத்தா பாட்டியரிடம் ஒரு மணத்தைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே குறித்துவரச் செய்யலாம். சிலப்பதிகாரமும் குறுந்தொகையும் பயிலும் உயர்நிலை மாணவர்க்கு அகிற்கட்டையையும் சாம்பிராணியையும் கையில் கொடுத்துப் பாடம் தொடங்கலாம். பத்து வயதிற்குள் பதியும் மணம் வாழ்நாள் முழுதும் நிற்கும் என்று அறிவியல் கூறும்போது, அம்மணத்தோடு தமிழ்ச்சொல்லையும் சேர்த்துப் பதித்துவிடுவது நம் கையில் இருக்கிறது.

செட்டி மக்களின் வரலாறு நமக்கு ஒரு படிப்பினை. மணம் தானே நிற்கும். மொழி தானே நிற்பதில்லை. பூவோடு சேர்ந்த நார் மணம் பெறுவதற்கும் அதனைச் சேர்த்துத் தொடுக்கும் கை ஒன்று வேண்டும். அந்தக் கை ஆசிரியருடையது. சாம்பிராணிப் புகை எழும்போது நம் பேரப்பிள்ளைகளின் உள்ளத்தில் முன்னோரின் முகம் தோன்றும். அதனை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அம்முகத்தைத் 'தாத்தா' என்று தமிழில் அழைக்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நாம்தாம் கற்பித்தாக வேண்டும்.